ஐந்து நட்சத்திரக் காற்று

மனித குலத்தின் வரலாற்றில் இதுவரை இரண்டே இரண்டு பெரிய காரியங்கள்தாம் நடந்திருக்கின்றன என்பது உரியேல் எஸ்கமீயாவின் தீர்மானமான கருத்து. ஒன்று, மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இன்னொன்று, பெட்ரோல் போடுகிறவனுக்கு டயர் காற்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம்.

இதை அவன் சிரிக்காமல் சொல்வான். கல்லூரியில் அரசியல் பாடம் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் என்பதால் அடிக்குறிப்போடு சொல்வான். "பள்ளத்தாக்கின் இலவசக் காற்று" என்று இணையத்தில் ஒரு பக்கம் வேறு நடத்திக்கொண்டிருந்தான். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து மடேரா வரைக்கும் உள்ள பெட்ரோல் பங்குகள் அதில் வரிசையாக இருந்தன. குழாயின் நீளம், காற்றளவு காட்டும் கேஜின் நேர்மை, உள்ளே கல்லாவில் இருப்பவர் மெஷினை இலவசமாக ஓடவிடும் பட்டனை அழுத்தும்போது முகம் போகிற போக்கு, எல்லாவற்றுக்கும் நட்சத்திரம். டெலானோவில் ஒரு பங்குக்கு ஒன்றே ஒன்று கொடுத்திருந்தான். காரணம்: "பட்டனை அழுத்தினார். ஆனால் பெருமூச்சு விட்டுக்கொண்டே அழுத்தினார்."

உள்ளே போய்க் கேட்டால் சும்மா கிடைக்கிற காற்றுக்கு மெஷினில் காசு போடுகிறவர்களை அவனால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. "காசு போடும்போது அவங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? போகக்கூடாத வீட்டுக்குள்ள நுழையறவன் மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போடுவாங்க. அவங்களுக்கே தெரியும்" என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தான். அறுநூற்றுப் பதினோரு பேர் அதைப் படித்தார்கள். அவர்களில் நாற்பது பேர் அவனுடைய சொந்தக்காரர்கள்.

அவனுடைய பழைய காரின் பின்பக்க வலது டயரில் ஓர் ஆணி இருந்தது. அக்டோபரிலிருந்து இருந்தது. வாரத்துக்கு நாலைந்து பவுண்டு காற்று இறங்கும். அவன் போய் இலவசமாக ஏற்றிக்கொண்டு வருவான். பஞ்சர் ஒட்டச் சொல்லி அவனுடைய அம்மா ஓத்திலியா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். காற்று இலவசமாகக் கிடைக்கிற ஒரு மாநிலத்தில் டயருக்கு ஒட்டுப் போடுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று பதில் வந்தது. காரில் காற்றுக் குறைவைக் காட்டும் டயர் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. மாதா கோயில் பீடத்து விளக்கு மாதிரி அது அணைந்தால்தான் செய்தி.

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. எர்லிமார்ட்டில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தெருவின் எதிர்ப்பக்கம் இல்லை. மூடுபனி. பள்ளத்தாக்கில் அது ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை, மண்ணிலிருந்து எழும்புகிறது; எழும்பிய இடத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

ஓத்திலியா சர்ச்சுக்குப் போடுகிற கறுப்புக் காலணியைப் போட்டிருந்தாள். கையில் நீலநிறக் கோப்பு. அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு ஃப்ரெஸ்னோவில் அவளுக்குக் குடியுரிமை நேர்காணல். பத்தொன்பது வருடமாக ஆரஞ்சு தரம்பிரிக்கிற கூடத்தில் வேலை; விரலிலிருந்து தோல் வாசனை போகவே போகாது. நவம்பரில் வந்த முதல் தேதியை இருமல் காரணமாகத் தள்ளிப்போட்டாயிற்று. இரண்டாவது கடிதத்தில், இந்த முறை வராவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே அவள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு வைத்திருந்தாள். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை இருந்தாலும் பயம் போகாத காலமாக இருந்தது. கூடத்தில் கதவு வேகமாகத் திறந்தால், குடியேற்றத் துறைக்காரர்களோ என்று, பெல்ட்டில் ஓடுகிற பழங்களை விட்டுவிட்டு எல்லோரும் கதவைத்தான் பார்ப்பார்கள்.

அவள் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலணி நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள். நாலாவதில் நின்றாள்.

"இது சொங்கிப்போய் இருக்குடா."

"குளிர்ல எல்லா டயரும் அப்படித்தாம்மா இருக்கும். நேத்து சாயங்காலம்தான் டெலானோவுல ஃபுல் டேங்க் போட்டு, காத்தும் அடிச்சேன். சும்மா."

"சும்மா அடிச்ச காத்து சும்மாவே போயிருச்சு போல."

"வழியில கோஷன்ல நிறுத்திக்கலாம். அஞ்சு நட்சத்திரப் பங்க்."

"ஃப்ரெஸ்னோ போய்ச் சேந்தா போதும்டா எனக்கு. நட்சத்திரமெல்லாம் அப்பறம் எண்ணிக்கலாம்" என்று ஏறி உட்கார்ந்தாள். மடியில் கோப்பு, கோப்பின் மேல் கைப்பை. கைப்பைக்குள்ளே ஒரு கலகலப்பு. இருமல் மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்றில் சலவை மெஷினுக்காகக் கால்டாலர் காசுகள் சேர்த்து வைத்திருப்பாள். உரியேல் பிறந்ததிலிருந்து அவள் வருகிற சத்தமே அதுதான்.

தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு உலகம் நாலு கோடாகச் சுருங்கிப்போயிற்று. காருக்கு முன்னால் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றாகப் பிறந்து, சக்கரத்துக்கு அடியில் செத்தது. நாலுக்கு மேல் ஐந்தாவது கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பது மைல் வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் இடிப்பான் என்று பயம்; ஐம்பதில் போனால் முன்னால் நிற்கிறவனை நாம் இடிப்போம் என்று பயம். உரியேல் நாற்பத்தைந்தில் போனான். அதனால் இரண்டு பயமும் சேர்ந்து இருந்தது.

திடீர் திடீரென்று இடது பக்கம் ஒரு லாரி முளைக்கும். சத்தம் முதலில் வராது. வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து, காரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, சிவப்பு விளக்கு இரண்டாகச் சுருங்கி அணையும்.

ஓத்திலியா நேர்காணலுக்கான கேள்விகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பயத்தில் மற்றவர்கள் ஜெபம் சொல்லுவார்கள். அவளுக்கு அன்றைக்கு ஜெபமும் அதுதான்.

"நாட்டோட உயர்ந்த சட்டம் எது? அரசியல் சாசனம். செனட்டர் எத்தன பேரு? நூறு. இந்த நாட்டுல இருக்கற எல்லாருக்கும் உள்ள ஒரு உரிமை?" நின்றுபோனாள். இந்தக் கேள்வியில் எப்போதும் நிற்பாள்.

"இலவசக் காத்து" என்றான் உரியேல்.

"வாய மூடுடா. அங்க போய் அதுவே வாயில வந்துடும்."

"பேச்சுரிமைம்மா."

"ஆமா. பேச்சுரிமை." கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி வலது பக்கமா இழுக்குது" என்றாள்.

இழுத்தது. அவனுக்கு எர்லிமார்ட் தாண்டும்போதே தெரியும். ஸ்டியரிங்கை இடது பக்கமாகப் பிடித்துப் பிடித்து அவன் முழங்கை விறைத்துப்போயிருந்தது.

நெடுஞ்சாலையை விட்டு டிப்டனில் இறங்கினான். பங்கின் காற்று மெஷின் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் காற்றடித்துக்கொண்டிருந்தார். மெஷின் தலையில் கொட்டை எழுத்தில் விலை. பெட்ரோல் போட்டவர்களுக்கு இலவசம் என்ற அறிவிப்புப் பலகையைக் காணோம். சட்டப்படி அது இருக்க வேண்டும். உரியேல் டயரைப் பார்க்குமுன் அந்தப் பலகை இல்லாத இடத்தைத்தான் பார்த்தான்.

தொப்பிக்காரர் குழாயை நீட்டினார். "தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடும். என்னுது முடிஞ்சிருச்சு. நீ அடிச்சுக்கோ."

"நீங்க காசு போட்டீங்களாண்ணா?"

"ஆமா."

"உள்ள கேட்டிருந்தா சும்மா குடுத்திருப்பாங்க. குடுத்துத்தான் ஆகணும்."

"பெட்ரோல் போட்டிருந்தாத்தான? நான் போடல. உனக்கு வேணுமா வேண்டாமா? ஓடிக்கிட்டிருக்கு."

உரியேல் யோசித்தான். இது இலவசக் காற்றா என்றால், இல்லை. இன்னொருவன் காசு கொடுத்த காற்று. இதை ஏற்றுக்கொண்டால் அறுநூற்றுப் பதினோரு பேருக்கு என்ன பதில் சொல்வது? "வேண்டாம்ணா. கொள்கைன்னு ஒண்ணு இருக்கு" என்றான்.

தொப்பிக்காரர் அவனையும், காருக்குள் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவையும், சொங்கிய டயரையும் வரிசையாகப் பார்த்தார். குழாயைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அது தரையில் கிடந்து சீறியது. உரியேல் பலகை இல்லாத கம்பத்தைப் போனில் இரண்டு கோணத்தில் படம் பிடித்தான், புகார் அனுப்ப. இரண்டாவது படம் எடுக்கும்போது சீறல் நின்றது.

காரில் ஏறியபோது ஓத்திலியா கேட்டாள். "அந்த ஆளு என்ன குடுத்தாரு?"

"ஒண்ணுமில்ல. கோஷன்ல பாத்துக்கலாம். இருபது நிமிஷம்."

ஓத்திலியா கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். டப்பா கலகலத்தது.

டுலாரி தாண்டியதும் பனி கெட்டியாகிவிட்டது. நாலு கோடு மூன்றாயிற்று, பிறகு இரண்டு. வைப்பரைப் போட்டான், அது வெள்ளையை வெள்ளையால் துடைத்தது. வலது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஈரச் சட்டையைக் கல்லில் அடிக்கிற மாதிரி. முதலில் எண்ணிவிடலாம்போல் மெதுவாக. பிறகு எண்ண முடியாமல்.

"கோஷன் வந்துருச்சாடா?"

"வரும்."

வரவில்லை. அல்லது வந்து போய்விட்டது. கோஷனுக்கு இறங்கும் வழி காட்டும் பலகை அவன் தலைக்கு மேலே எங்கேயோ வெள்ளைக்குள் தொங்கியிருக்க வேண்டும். அவன் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். மணி எட்டு ஆவதற்கு ஐந்து நிமிடம். வழிகாட்டிப் படத்தில் நீலப் புள்ளி கோஷனைத் தாண்டி ஒரு மைல் வடக்கே நின்றது. ஐந்து நட்சத்திரம், பதினைந்தடிக் குழாய், பெருமூச்சு விடாத பட்டன், எல்லாம் முதுகுக்குப் பின்னால்.

ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது.

"ஓரமா நிறுத்தி என்னன்னு பாக்கறேம்மா."

"ஓரமா நிறுத்தாத!" ஓத்திலியா அவன் கையைப் பிடித்தாள். "எங்க கூடத்து வேன அப்படித்தான் நிறுத்தினாங்க. டயர் பாக்கறேன்னு இறங்கின, என்கூட வேல பாக்கற எலோதியாவோட புருஷன் திரும்பி ஏறல. ஓரத்துல எரியற விளக்கப் பாத்து, அதுதான் ரோடுன்னு லாரி அது பின்னாடியே வரும். போய்க்கிட்டே இரு. மெதுவா. நின்னுடாத."

பின்னால் ஒரு ஹாரன். நீளமாக, கீழ்ஸ்தாயியில். கண்ணாடியில் ஒன்றுமில்லை, பால் மாதிரி வெளுப்பு. ஹாரன் வளர்ந்துகொண்டே வந்தது. அவன் வேகத்தைக் கூட்டினால் டயர் கழன்றுவிடும்போல் அடித்தது. குறைத்தால் ஹாரன் உள்ளேயே வந்துவிடும்போல் இருந்தது. இருபத்தைந்து மைல். இருபத்தைந்துக்கு மேல் கார் கேட்கவில்லை. வெளிச்சம் கண்ணாடியை நிரப்பியது, உள்கூரை மஞ்சளாயிற்று, அம்மாவின் கோப்பு மஞ்சளாயிற்று. பிறகு அந்த வெளிச்சம் ஒரு முழம் இடது பக்கம் விலகி, அலறிக்கொண்டே கடந்து போயிற்று.

ஓத்திலியா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். பனி உள்ளே வந்து இருவர் மடியிலும் உட்கார்ந்தது.

"என்னம்மா பண்ற?"

"பலகை பாக்கறேன். நீ கோட்டப் பாரு." எத்தனை நிமிடம் அப்படி வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் தலைமுடியெல்லாம் பனித்துளி வெள்ளை வெள்ளையாகக் கோத்துக்கொண்டது. திடீரென்று, "இப்ப! வலது! இப்ப!" என்று கத்தினாள்.

திருப்பினான். சரிவில் கார் நொண்டி நொண்டி இறங்கியது. டிராவர். ஒரு சின்ன பங்க், மஞ்சள் விளக்கு, ஒரு காற்று மெஷின். மணி எட்டு இருபது. ஃப்ரெஸ்னோ இன்னும் முப்பது மைல்.

மெஷினில் பலகை இருந்தது! பெட்ரோல் போட்டவர்களுக்கு இலவசம், உள்ளே கேட்கவும். உரியேலுக்குத் தெய்வத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது: பெட்ரோல் போட்டவர்களுக்கு. நேற்று டெலானோவில் விலை குறைவு என்று டேங்க்கை வாய்வரைக்கும் நிரப்பியிருந்தான்.

ஆனாலும் சட்டம் படித்தவன். காரைப் பம்ப் பக்கம் நொண்டவைத்து, அட்டையைத் தேய்த்து, குழாயை உள்ளே விட்டான். இவ்வளவு தூரம் ஓடியிருந்தும் பழைய காரின் டேங்க் வாய் முரண்டு பிடித்து, 'டக்' என்று நின்றது. மறுபடி அழுத்தினான். 'டக்.' இன்னொரு முறை. 'டக்.' முப்பத்தொரு சென்ட்டுக்குப் போயிருந்தது. ரசீது வாங்கிக்கொண்டு, காரை மெஷினடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே ஓடினான்.

"நேரம் ஆகுதுடா" என்று ஓத்திலியா கூப்பிட்டாள். "என்கிட்ட டப்பா..."

"ரெண்டே நிமிஷம்மா!"

உள்ளே கல்லாவில் பல்ஜீத் என்று பெயர் குத்தியிருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் ரசீதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தொரு சென்ட்டா? பெட்ரோல் போட்டியா, மோந்து பாத்தியா தம்பி?"

"சட்டத்துல இவ்வளவுக்குப் போடணும்னு எதுவும் இல்லக்கா. காத்துக்கு பட்டன அழுத்துங்க. எங்க அம்மாவுக்கு ஒன்பதரைக்கு..."

அவள் சிரித்துக்கொண்டே பட்டன் இருந்த பக்கம் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் அந்தச் சத்தம். மேலே நெடுஞ்சாலையிலிருந்து. ஒரு பெரிய தகரக் கதவை யாரோ ஓங்கிச் சாத்திய மாதிரி. இருவரும் அசையாமல் நின்றார்கள். மறுபடி ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தார்கள்.

"வெளிய போ, வெளிய போ" என்று பல்ஜீத் அவனைத் தள்ளினாள். பச்சைப் பளபளப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டினாள். "மேல வண்டியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு இடிக்குது. சரிவுல இறங்கறவனும் இங்க வந்து குத்துவான். நான் மொனையில நிக்கறேன். நீ உங்கம்மாவப் பாரு!" ஓட்டமும் நடையுமாக வெள்ளைக்குள் கரைந்தாள்.

உரியேல் பூட்டிய கதவின் முன்னால் நின்றான். உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில், அந்தப் பட்டன். கையில் ரசீது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ரசீதைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தான், யாராவது உள்ளேயிருந்து படிப்பார்கள் என்பதுபோல். மேலே மறுபடி ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஒரு ஹாரன் நிற்காமல் அழுதது. இன்னும் பத்து நிமிடம் பலகை கண்ணில் படாமல் போயிருந்தால் அந்த வரிசையில் எத்தனையாவது சத்தம் நாம் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் போட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால் மெஷின் உறுமியது.

திரும்பினான். காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓத்திலியா, சர்ச் காலணியோடு ஈரத்தில் நின்று, ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் நடுக்கத்துக்குப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தான்.

"அழுத்திட்டுத்தாம்மா போயிருக்காங்க!" ஓடிவந்து மண்டியிட்டான். "பாத்தியா? மேல உலகமே இடிஞ்சாலும் சட்டம்னா சட்டம்!"

"ஆமாடா. சீக்கிரம் அடி."

கேஜில் ஒன்பது. பிறகு பதினான்கு. இருபது. டயர் மெல்ல மெல்லக் காரைத் தூக்கியது. அந்தச் சீறலைப்போல இனிமையான சங்கீதத்தை அவன் கேட்டதில்லை. முப்பத்திரண்டில் வால்வு மூடியைத் திருகியபோது விரல் மரத்திருந்தது. மூடி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"நெடுஞ்சாலை வேண்டாம்" என்றாள் ஓத்திலியா. "ரயில் பாதை ஓரமா பழைய ரோடு இருக்கு. திராட்சை சீசன்ல வேன் அதுலதான் போகும். எனக்குத் தெரியும்." அவள் சொல்லச் சொல்ல, கிங்ஸ்பர்க், செல்மா, ஃபவுலர் என்று ஊர்களின் முதுகு வழியாகவே போனார்கள். அவ்வப்போது அவள் மெதுவாக, "பேச்சுரிமை" என்றாள்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றார்கள். அம்மா முடியைத் துடைத்துக் கொண்டிருந்த அரை நிமிடத்தில் உரியேல் தன் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டான்: "டிராவர். ஐந்து நட்சத்திரம். பேரிடரின் நடுவிலும் சட்டத்தை மதித்த பங்க்."

அலுவலகத்துக்குள்ளே போனை அணைக்கச் சொன்னார்கள். பெயர் கூப்பிட்டதும் ஓத்திலியா கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கைப்பையை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் உட்கார்ந்த இடத்தில் துள்ளினான்.

பத்து நிமிடம். இருபது. அவளுக்குப் பிறகு போன ஓர் ஆள் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனான். அவன் போன விதத்தைப் பார்த்து அங்கே இருந்த எல்லோரும் தங்கள் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். முப்பது நிமிடம். ஏன் இவ்வளவு நேரம்? உரியேலுக்கு வாய் உலர்ந்தது. மிட்டாய் ஏதாவது இருக்குமா என்று அம்மாவின் பையில் கையை விட்டான். தகர டப்பா கையில் தட்டியது.

சத்தம் வரவில்லை.

ஆட்டிப் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினான். பிறந்ததிலிருந்து கேட்ட கலகலப்பு இல்லை. திறந்தான். உள்ளே சலவைக்கடை டோக்கன் ஒன்று, தாளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்த கை. காசு போடுகிற பொந்து அந்த உயரத்தில்தான் இருக்கும்.

அவன் டப்பாவை மூடி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கைக்குட்டையைப் பழையபடி மடித்துப் போட்டான். ஐந்து நட்சத்திரத்தை அழிக்கலாம் என்றால் போன் அணைந்திருந்தது. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதிகாலையிலிருந்து பட்ட பயமெல்லாம் போதாதென்று, இப்போது கதவைப் பார்க்கிற பயம் தனியாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. டிப்டனில் தரையில் கிடந்து சீறிய குழாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. ரெண்டு நிமிஷம் ஓடும், நீ அடிச்சுக்கோ.

ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஓத்திலியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து, ஒரு தாளை அவன் கண்ணெதிரே பிடித்தாள். அதில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

"பாஸாயிட்டேன்டா. கம்ப்யூட்டர் நின்னுபோச்சாம், அதான் லேட்டு. நான் செத்தே போயிட்டேன்."

"உரிமை கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க. 'இலவச'ன்னு வாயில வந்துருச்சு. அந்த அம்மா நிமிந்து பாத்தா. அப்பறம் சமாளிச்சு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'தான, 'சுதந்திரமா பேசறது'ன்னேன்." அவனைத் தோளில் ஓர் அடி அடித்தாள். "உன்னாலதான்டா."

வெளியே பனி மேலே ஏறி, சூரியன் தேய்ந்த காசு மாதிரித் தெரிந்தது. ஓத்திலியா வழக்கம்போலக் காரைச் சுற்றி வந்தாள். நாலாவது டயரில் நின்றாள். தட்டவில்லை. தட்ட வேண்டிய அவசியம் இல்லாமலே தெரிந்தது.

"பக்கத்துல சும்மா குடுக்கற பங்க் எங்கடா இருக்கு? உன் லிஸ்ட்ல இருக்குமே."

இருந்தது. நாலு தெரு தள்ளி, நாலரை நட்சத்திரம்.

"ஞாபகமில்லம்மா" என்றான்.

அடுத்த முனையிலேயே இருந்த பங்கில் காரைத் திருப்பினான். இலவசப் பலகை கண்ணுக்கு எதிரே இருந்தது. உள்ளே கல்லாவில் ஒருத்தர் சும்மா உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார், கூட்டம் இல்லை. உரியேல் அந்தப் பக்கம் போகவில்லை. ஓத்திலியா காருக்குள் தாளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிக்கிற மாதிரி குனிந்திருந்தாள்.

அவன் மெஷின் முன்னால் நின்று, பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தான். எடுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் பார்த்தான்.